பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தபின்: எந்த வேலைக்குப் பதிவு எண் வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி கேட்டவர் கோவையில் பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி ஆண்டு படிக்கும் மாணவி. அவர் கேட்பது சுருக்கமாக இதுதான்: ஆறு மாத ஆன்லைன் கவுன்சலிங் டிப்ளமோ முடித்துவிட்டு சொந்தமாக சென்டர் தொடங்கலாமா? அல்லது எம்.எஸ்சி. போயே ஆக வேண்டுமா? மருத்துவமனை தவிர வேறு எங்கே வேலை கிடைக்கும்? இப்போதிருந்தே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? கூடவே, "இதைப் படித்தால் டாக்டர் ஆகலாமா?" என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

டிப்ளமோ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆறு மாதச் சான்றிதழை மட்டும் நம்பி சென்டர் திறக்க வேண்டாம். வருமானம் வராது என்பதற்காகச் சொல்லவில்லை, சிலருக்கு வரவும் செய்கிறது. போர்டு மாட்டியபிறகு யார் உள்ளே வருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பரீட்சை பயம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். அரை மணி நேரம் பேசியபிறகு, ஒரு வாரமாகத் தூங்கவில்லை, காதில் குரல் கேட்கிறது என்று பையன் சொல்வான். அது மனநோயின் தொடக்கமா, வேறு உடல் காரணமா, போதைப்பொருளா என்று சந்தேகிக்கவாவது தெரிய வேண்டும். வீடியோ பார்த்து எழுதும் தேர்வில் அது வராது. உங்களுக்கு மேலே ஒருவர் உட்கார்ந்து கேஸ் கேஸாகத் திருத்தினால்தான் வரும்.

இந்தத் துறையின் வேலைகளை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். சட்டப்படியான தொழில் பதிவேட்டில் பெயர் சேர்த்துக் கிடைக்கும் பதிவு எண் இருந்தால் மட்டுமே செய்யக்கூடியவை ஒரு பக்கம். பட்டமும் திறனும் போதும் என்பவை மறுபக்கம். சைக்காலஜி படித்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்குவது பெரும்பாலும் இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல்தான்.

கிளினிக்கல் பக்கம்

வீட்டுக் கேள்விக்குப் பதில்: மருந்து எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. சைக்கியாட்ரி படித்தவர். சைக்காலஜி வழியாக அந்த இடத்துக்குப் போக முடியாது. பிஎச்.டி. வாங்கினால் பெயருக்கு முன்னால் முனைவர் வரும், மாத்திரை எழுதும் உரிமை வராது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது சட்டம் வரையறுத்திருக்கும் பெயர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஒப்புதல் கொடுத்த நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜியில் தகுதி பெற்றவரே அந்தப் பெயருக்கு உரியவர். 1992ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டம் இவர்களை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்க்கிறது. பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் ரிப்போர்ட்டை ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் கையில் எடுத்தால் முதலில் கேட்பது பதிவு எண்ணைத்தான்.

இதுவரை வழக்கமான பாதை, மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, அதன்பின் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. மொத்தம் ஏழு ஆண்டு. முதுநிலையில் 55 சதவீதம் கேட்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், அசாம் தேஜ்பூரில் உள்ள மண்டல மனநல நிறுவனம், டெல்லி இப்பாஸ் மனநல நிறுவனம் ஆகியவை நாடு முழுக்கப் பெயர் பெற்ற இடங்கள். சென்னைப் பக்கம் போரூர் ஸ்ரீராமச்சந்திரா, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் போன்றவை உண்டு. எங்கும் இடங்கள் குறைவு. முதல் முயற்சியில் கிடைக்காமல் ஓராண்டு ஆராய்ச்சி உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதுபவர்கள் நிறைய, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கேதான் இப்போது ஒரு சிக்கல். எம்.ஃபில். என்ற பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022 நவம்பர் விதிமுறையில் நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் விலக்கு கொடுத்து, 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கலாம் என்று சொன்னது. நீங்கள் முதுநிலை முடிக்கும்போது இந்தப் பாதை இதே பெயரில் இருக்கும் என்று எண்ணித் திட்டம் போடக் கூடாது. இதன் இடத்தில் ஆர்.சி.ஐ. எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்பதை நீங்கள் சேரும் ஆண்டில் ஆர்.சி.ஐ. தளத்தில் நேராகப் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தையும் ஏஜென்ட் பேச்சையும் நம்ப வேண்டாம். ஒப்புதல் என்பது ஒரு நிறுவனத்துக்கு, ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு, இத்தனை இடங்களுக்கு, இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை என்று கொடுக்கப்படுவது. அதே கல்லூரியில் ஒப்புதல் காலாவதியான ஆண்டில் சேர்ந்தவருக்குப் பதிவு கிடைக்காது. ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, தேதியையும் இடங்களின் எண்ணிக்கையையும் பார்த்தபிறகே கட்டணம் கட்டுங்கள்.

இன்னொரு பொறி, பட்டத்தின் பெயர். ஆர்.சி.ஐ. ஒப்புதல் இல்லாத பல்கலைக்கழகம் 'எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி' என்று ஒரு படிப்பு நடத்தலாம். அந்தப் பட்டத்தால் நீங்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டீர்கள். படிப்பு நன்றாகவே இருக்கலாம், எம்.ஃபில். நுழைவுத் தேர்வுக்குக் கைகொடுக்கவும் செய்யலாம். ஆனால் அது படிக்கட்டு, வாசல் இல்லை.

தொலைநிலையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. அந்தப் பட்டியலில் சைக்காலஜியும் உண்டு. இன்றும் யாராவது ஆன்லைன் எம்.எஸ்சி. சைக்காலஜி சேர்க்கை என்று கூப்பிட்டால், எந்த அனுமதியில் என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதே 2021 சட்டம் நடத்தை சுகாதாரத் தொழில்கள் என்ற தலைப்பில், ஆர்.சி.ஐ.க்குள் வராத சைக்காலஜிஸ்ட்களையும் பலவகைக் கவுன்சலர்களையும் கொண்டுவருகிறது. மாநிலப் பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வரும்போது உங்கள் பயிற்சி நேரத்துக்குச் சான்று கேட்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே எந்த இன்டர்ன்ஷிப் செய்தாலும் தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, மேற்பார்வை செய்தவரின் பெயர், அவரது பதிவு எண் ஆகிய ஐந்தும் உள்ள கடிதம் வாங்கி வையுங்கள். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பத்து பைசா பிரயோஜனம் இல்லை.

பட்டத்தோடு நேராகப் போகக்கூடிய இடங்கள்

அரசு சார்ந்த கவுன்சலர் வேலைகள் பலர் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் கவுன்சலர் இருப்பார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் பணியிடம் உண்டு. பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மீட்பு மையம், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம், மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றிலும் ஆள் எடுப்பார்கள். கடைசியில் சொன்ன மனநலத் திட்டத்தில் சைக்காலஜிஸ்ட் பணியிடத்துக்கு எம்.ஃபில். கேட்பார்கள். மற்றவற்றில் சில அறிவிப்புகள் பட்டமும் அனுபவமும் போதும் என்கின்றன, சில முதுநிலை கேட்கின்றன. 14416 தொலைபேசி மனநல சேவையை, தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடப்பதை, கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் பயிற்சி பெற்ற கவுன்சலர்கள்தான் முதலில் போனை எடுக்கிறார்கள்.

இந்த வேலைகள் பெரிய வேலைவாய்ப்புத் தளங்களில் அதிகம் வராது. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் 'ஆட்சேர்ப்பு' என்ற பக்கத்தில் வரும், விண்ணப்பிக்கக் கிடைப்பது பத்துப் பதினைந்து நாள். உங்கள் மாவட்டத்தையும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், தமிழ்வழி படித்திருந்தால் அதற்கான சான்றிதழ், அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள். அறிவிப்பு வந்தபிறகு கல்லூரி அலுவலகத்துக்கு ஓடுபவர் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்.

பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. விதிகள் கவுன்சலர் நியமனத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சைக்காலஜி பட்டம் அதற்கு ஏற்கப்படும் தகுதிகளில் ஒன்று. வழிகாட்டுதல், கவுன்சலிங் இரண்டுக்குமாக என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் டிப்ளமோவுக்குப் பள்ளிகளிடம் மதிப்பு உண்டு. டிப்ளமோதான் படிப்பேன் என்றால் இதைப் படிக்கலாம். நடைமுறையில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: டீச்சர் லீவு என்றால் வகுப்புக்கு அனுப்புவார்கள், ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டச் சொல்வார்கள், பையன் உங்களிடம் சொன்னதை முதல்வர் அப்படியே கேட்பார். வேலையில் சேரும் அன்றே தனி அறை, பூட்டு வைத்த அலமாரி, யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற எழுத்து வடிவிலான ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது.

ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான தெரபி சென்டர்கள் நகரங்களில் பெருகிவிட்டன. பி.எஸ்சி. முடித்தவரை 'பிஹேவியர் தெரபிஸ்ட்' என்று எடுத்து, ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, எட்டாம் நாள் குழந்தையோடு தனியாக விடும் இடங்கள் இருக்கின்றன. சேரும் முன் கேட்க வேண்டியது: குழந்தையின் திட்டத்தை எழுதுபவர் யார், அவரது தகுதி என்ன, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்னைக் கவனித்துத் திருத்துவார்? பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம். குழந்தைகளோடு வேலை செய்வது உண்மையிலேயே பிடித்திருந்தால் சிறப்புக் கல்வியில் ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்ற டி.எட். அல்லது பி.எட். படியுங்கள். சைக்காலஜியும் சிறப்புக் கல்வியும் சேர்ந்து கையில் இருப்பவருக்கு வேலை தேடி அலைய வேண்டி வராது. அவருக்கும் பதிவு எண் கிடைக்கும்.

டெஸ்ட் போடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரி லேபில் அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத், கட்டைகளைப் பொருத்தும் சீக்வின் ஃபார்ம் போர்டு, வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் எல்லாம் ஒருமுறை போட்டுவிட்டு, டெஸ்ட் தெரியும் என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறார்கள். பெட்டியைத் திறந்து கேள்வி கேட்பது யாராலும் முடியும். தவறு நடப்பது வேறு இடங்களில்.

ஒரு கணக்கு பாருங்கள். பினே-காமத்தில் மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். ஒரு குழந்தையின் மன வயது 64 மாதம் வருகிறது. ஆதாரில் பிறந்த தேதிப்படி குழந்தைக்கு எட்டு வயது, 96 மாதம். ஐ.க்யூ. 67. லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று ரிப்போர்ட் போய்விடும். அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் தெரிகிறது, ஸ்கூலில் சேர்ப்பதற்காக ஒரு வயது கூட்டிப் போட்டிருக்கிறார்கள். உண்மை வயது ஏழு, 84 மாதம். அதே மதிப்பெண்ணுக்கு ஐ.க்யூ. இப்போது 76. குறைபாட்டுக்கு எல்லையான எழுபது என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நம் ஊரில் இது அபூர்வமான சம்பவம் இல்லை. "ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கா?" என்று கேட்கும் பழக்கம் இல்லாதவர் போட்ட ஐ.க்யூ. எண்ணை நான் நம்ப மாட்டேன்.

சீக்வின் போர்டில் பத்துக் கட்டைகள், மூன்று முயற்சி, அதில் குறைந்த நேரம் கணக்கில் வரும். அம்மா பக்கத்தில் நின்று "அந்தப் பக்கம்டா கண்ணு" என்று கையைக் காட்டினால் அந்த முயற்சி போனது. ஸ்டாப்வாட்சை இரண்டு விநாடி தாமதமாக அழுத்தினாலும் அப்படித்தான். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தைக்குத் தமிழில் மொழிசார்ந்த கேள்விகளைக் கேட்டுவிட்டு மதிப்பெண் குறைந்தது என்று எழுதுவது இன்னொன்று. காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காமலே அறிவுத்திறனை அளப்பது எல்லாவற்றையும்விட மோசம். ஐ.க்யூ.வோடு அன்றாடத் திறன்களையும் சேர்த்துப் பார்த்தபிறகே முடிவுக்கு வர வேண்டும். தானாகச் சாப்பிடுகிறதா, கடைக்குப் போய் மிச்சக் காசு வாங்கி வருகிறதா என்பதெல்லாம் வைன்லேண்ட் அளவுகோலில் வரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் சான்றிதழுக்கு உங்கள் அறிக்கை போகும்போது குழந்தையின் உதவித்தொகையும் தேர்வுச் சலுகையும் அதை நம்பியிருக்கின்றன. ஆகவே பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்தில் தனியாக ரிப்போர்ட் கொடுக்காதீர்கள், யார் கெஞ்சினாலும்.

கம்பெனிப் பக்கம்

ஹெச்.ஆர். என்றால் 'மனிதர்களைப் புரிந்துகொள்வது' என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் ஆண்டு ஏமாற்றமாக இருக்கும். வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஆஃபர் லெட்டர், எக்செல் ஷீட் என்றுதான் போகும். எக்செலில் தேடும் ஃபார்முலா, பிவட் டேபிள் இரண்டும் தெரியாமல் நேர்காணலுக்குப் போக வேண்டாம். உங்கள் படிப்பு அங்கே பலன் தரும் இடம் ஆள் தேர்வு. ஒரே வேலைக்கு வரும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதிலுக்கு முன்கூட்டியே வரையறுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட நம்பகமானது. இதை நிறுவன உளவியலில் படித்திருப்பீர்கள், கம்பெனிகளில் நிறையப் பேருக்குத் தெரியாது. நான்கெழுத்து ஆளுமை வகைகளை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் டெஸ்ட்கள் ஏன் தேர்வுக்கு உதவாது என்று எடுத்துச் சொல்லவும் உங்களால் முடிய வேண்டும். மேலே போக எம்.ஏ. ஹெச்.ஆர்.எம். அல்லது எம்.பி.ஏ. தேவைப்படும். சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் மனிதவள மேலாண்மை, கவுன்சலிங் சைக்காலஜி இரண்டுமே உண்டு என்பதால் அங்கே இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

யு.எக்ஸ். ரிசர்ச் எனப்படும் பயனர் ஆய்வு, சோதனைமுறை உளவியல் பிடித்தவர்களுக்குப் பொருத்தமானது. ஒரு பணப்பரிமாற்ற ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஐந்து பேரிடம் கொடுத்து, "இந்த நம்பருக்கு நூறு ரூபாய் அனுப்புங்க, செய்யும்போது மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். நடுவில் உதவி செய்யாதீர்கள். எங்கே நின்றார்கள், எந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், எத்தனை முறை பின்னால் போனார்கள் என்று குறித்து, மூன்று பக்கத்தில் காரணத்தோடும் மாற்று யோசனையோடும் எழுதுங்கள். இப்படி இரண்டு மூன்று ஆய்வு கையில் இருந்தால்தான் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள். பட்டத்தைப் பார்த்துக் கூப்பிட மாட்டார்கள். சந்தை ஆய்வு நிறுவனங்களிலும் இதே திறன்தான் கேட்கப்படும்.

ஆராய்ச்சிப் பக்கம் போவதானால் முதுநிலையில் சேர்ந்ததிலிருந்தே நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வுக்குத் தயாராகுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. உதவிப் பேராசிரியர் வேலைக்கும் நெட், மாநில அளவிலான செட் அல்லது பிஎச்.டி. தேவை. சென்னை அண்ணா நகரில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு அமைப்பு போன்றவையும் நிம்ஹான்ஸும் ஆய்வுத் திட்டங்களுக்கு அவ்வப்போது உதவியாளர்களை எடுக்கின்றன. கிளினிக்கல் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் இடைவெளியில் செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தடயவியல் உளவியலுக்கு காந்திநகர் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. சம்மதம் இல்லாமல் ஒருவரை உண்மை அறியும் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபிறகு அந்த வேலையின் தன்மையே மாறிவிட்டது, சினிமாவில் வருவதுபோல் எதிர்பார்க்காதீர்கள். ராணுவ ஆள்தேர்வில் சைக்காலஜிஸ்ட் உண்டு, இடங்கள் மிகக் குறைவு. விளையாட்டு உளவியலும் அப்படித்தான். யு.பி.எஸ்.சி.யில் சைக்காலஜி விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண். அதற்காக மட்டும் இந்தப் பாடத்தை எடுத்திருந்தால் வேறு கதை.

எந்தத் திறன், எப்படி

கவனித்துக் கேட்பது, அனுதாபம் என்றெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள். வேலை கொடுப்பவர் சோதிக்கக்கூடிய திறன்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஆபத்தைக் கண்டறிவது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இலவசம், தமிழிலும் உண்டு. மொத்தம் 27 மதிப்பெண், பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்தம் நான்கே வந்தாலும் அந்தக் கேள்விக்கு 'சில நாட்கள்' என்று டிக் அடித்திருந்தால் அவரை அன்றைக்கே விசாரிக்காமல் அனுப்பக் கூடாது. திட்டம் ஏதும் இருக்கிறதா, எப்போது, இதற்குமுன் முயற்சி செய்ததுண்டா, இன்று இரவு கூட இருப்பவர் யார் என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரையும் பூட்டி வைக்கப்பட வேண்டும் என்று குடும்பத்தாரிடம் சொல்லி, மனநல மருத்துவரிடம் அனுப்பி, போய்ச் சேர்ந்தார்களா என்று போன் போட்டுக் கேட்பதுவரை உங்கள் வேலைதான். இந்த வரிசையை நேர்காணலில் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடும்.

இதோடு சேர்ந்தது போக்சோ. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சொன்னால், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதது குற்றம். புதிய கவுன்சலர்கள் செய்யும் பெரிய தவறு, பேச்சைத் தொடங்கும்போதே "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது. பிறகு அதை மீறும்போது குழந்தை யாரையுமே நம்பாமல் போய்விடும். "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் சிலபேர்கிட்ட சொல்ல வேண்டி வரும், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லப் பழகுங்கள்.

இரண்டாவது, எழுத்து. "மாணவன் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டுள்ளான்" என்று எழுதினால் அது தீர்ப்பு. நோய் பெயர் சூட்டும் தகுதி உங்களுக்கு இன்னும் இல்லை. "மூன்று வாரமாக இரவு இரண்டு மணிக்கு மேல்தான் தூக்கம். கிரிக்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஒருவேளைதான் சாப்பிடுகிறான் என்று தாய் சொல்கிறார். பி.எச்.க்யூ-9இல் 14, ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யம். மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறது." இது அறிக்கை. பார்த்தது எது, கேட்டது எது, யார் சொன்னது, அடுத்து என்ன என்று பிரிந்து நிற்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பக்கம் எழுத வருகிறவர்கள் அபூர்வம். உங்களுக்கு வந்துவிட்டால் அதுவே வேலை வாங்கித் தரும்.

தமிழில் விசாரிப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, எதிரில் இருக்கும் பெரியவரிடம் "டிப்ரஷன் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். "நெஞ்சு பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பில்ல", "கைகால் ஓஞ்சு போச்சு", "தலைக்குள்ள சூடு" என்று அவராகச் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், அதனால் எந்த வேலை நின்றுபோனது என்று போக வேண்டும். உங்கள் மாவட்டப் பேச்சில் வரும் இப்படிப்பட்ட தொடர்களை நோட்டில் எழுதிச் சேருங்கள்.

மூன்றாவது, புள்ளியியல். இதைக் கண்டு ஓடுபவர்கள் பாதிக் கதவுகளைத் தாங்களே மூடிக்கொள்கிறார்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்க வேண்டாம், அதே வேலையைச் செய்யும் ஜமோவி இலவசம், தொடக்கத்துக்கு அதுவே அதிகம். சராசரி, திட்ட விலக்கம், நம்பகத்தன்மை, டி-டெஸ்ட், ஒட்டுறவு, பின்னடைவு வரை கையால் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மாணவர் திட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழை: ரோசன்பர்க் சுயமதிப்பு அளவுகோலில் பத்து வாக்கியம், அதில் ஐந்து எதிர்மறை. அந்த ஐந்துக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்துவிட்டு, நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா எண்ணைக் கணக்கிடுவார்கள். அது மிகக் குறைவாகவோ மைனஸிலோ வரும். உடனே அளவுகோல் நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்று ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். அளவுகோலில் ஒன்றும் கோளாறில்லை, எக்செல் ஷீட்டில்தான் கோளாறு.

எம்.எஸ்சி. எங்கே சேர்வது என்று பார்க்கும்போதும் இந்த மூன்றும் அங்கே நடக்குமா என்றுதான் பார்க்க வேண்டும். பழைய மாணவர் இரண்டு பேரைப் பிடித்துக் கேளுங்கள்: நிஜமான ஆட்களைப் பார்த்தீர்களா, அல்லது வகுப்புத் தோழியே கிளையன்டாக நடித்தாரா? நீங்கள் எழுதிய கேஸ் ரிப்போர்ட்டை யாராவது சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்களா? கட்டடம், பெயர், தரவரிசை எல்லாவற்றையும்விட இந்த இரண்டு பதில்கள் முக்கியம். கிளினிக்கல் பக்கம் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் எம்.எஸ்சி. படிக்காமல் தப்ப வழியில்லை. இன்னும் உறுதி வரவில்லை என்றால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுச் சேர்வதில் தவறில்லை. அந்த ஓராண்டில் பலருக்கு மருத்துவமனை வாடை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிடுகிறது. அதை ஏழாம் ஆண்டில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு மீதி இருக்கும் மாதங்களில் கடைசி ஆண்டு புராஜெக்டை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். நூறு பேரிடம் கூகுள் படிவம் அனுப்பி, கல்லூரித் தோழிகளே நிரப்பி முடித்த 'மன அழுத்தமும் சமூக ஊடகமும்' வேண்டாம், அதை எல்லோரும் செய்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்களின் தூக்கம், அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் என்று உங்கள் ஊரில் நடந்துபோய்க் கேட்கக்கூடிய ஒன்றை எடுங்கள். கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி, தமிழில் சம்மதப் படிவம், பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து, அளவுகோலைப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். எம்.எஸ்சி. நேர்காணலானாலும் ஆய்வு உதவியாளர் வேலையானாலும் அந்தக் கோப்பையும் பெயர்களை நீக்கிய டேட்டா ஷீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.